தோட்டமும் தோட்டாவும்

இனிமேல் ஒரு பீரங்கியைக்கூட ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்று நெவில் பாஸ்கோம் சத்தியம் செய்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. சத்தியத்தை வாங்கியவள் அவர் மனைவி தெல்மா. இடம், கோப்ராம் ஊரில் அவர்கள் வீட்டுச் சமையலறை. அந்த நேரத்தில் தெல்மாவின் கையில் ரொட்டி வெட்டும் கத்தி இருந்தது. ஆகவே நெவில் யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

தெல்மாவைக் குறை சொல்ல முடியாது. தேனிலவுக்குக் கடற்கரை என்று கூட்டிக்கொண்டு போய், நான்கு நாளும் கடலைக் குறிபார்த்து நின்ற பழைய கோட்டைப் பீரங்கிகளைச் சுற்றிக் காட்டியவர் நெவில். இருபத்தைந்தாம் கல்யாண நாளுக்கு நியூகினியின் மலைக்காடு. ஜப்பான்காரர்களோடு சண்டை நடந்த பாதையில் எட்டு நாள் நடை. அந்த எட்டு நாளில் தெல்மாவின் காலில் ஏறிய அட்டைகளை அவர் எண்ணிக் குறித்து வைத்திருக்கிறார். நூற்றுப் பதினேழு. அதற்குப் பிறகு துருக்கி. கடைசியாக, நாற்பத்தைந்தாம் கல்யாண நாளுக்கு 'பாரிஸ்' என்றார். தெல்மா அகலமான புதுத் தொப்பி ஒன்று வாங்கினாள். பாரிஸில் அவர்கள் இருந்தது மொத்தம் நாற்பது நிமிஷம். அதுவும் ரயில் நிலையத்தில், வண்டி மாறுவதற்காக. மீதி ஆறு நாளும் வடக்கே, கொட்டும் மழையில், முதல் உலகப் போரின் பதுங்கு குழிகளில் கழிந்தன. கல்யாண நாள் விருந்து, வேனில் விற்ற வறுத்த உருளைக்கிழங்கு. பதுங்கு குழி ஓரமாக நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். தெல்மாவின் தொப்பியில் தேங்கிய தண்ணீரில் ஒரு வாத்துக் குடும்பம் குடியேறியிருக்கலாம்.

ஊர் திரும்பிய மறுநாள்தான் ரொட்டிக் கத்தி வந்தது.

"உனக்குப் போர்னா உயிர். எனக்கு அது வெறும் போர்," என்றாள் தெல்மா. "நாப்பத்தஞ்சு வருஷமாப் போர். இனிமே ஒரு பீரங்கி, ஒரு டாங்கி, துருப்பிடிச்ச ஒரு இரும்புத் தொப்பி, எதையும் பாக்கமாட்டேன்னு சொல்லு."

"சொல்றேன்."

"'சொல்றேன்'னு சொல்லாத. சொல்லு."

"பாக்கமாட்டேன்."

நெவில் பால் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் பாலில் கொழுப்பு அளந்து ஓய்வு பெற்றவர். அளப்பதும் அளந்ததை எழுதி வைப்பதும் அவருக்குக் கையோடு ஊறிய பழக்கம். போய்ப் பார்த்த போர்க்களங்கள், எந்தப் படை எந்த மேட்டில் எத்தனை மணிக்கு ஏறியது, எத்தனை பேர் ஏறி எத்தனை பேர் இறங்கினார்கள், எல்லாம் பதினான்கு நோட்டுப் புத்தகங்களில் முத்து முத்தான கையெழுத்தில் இருக்கின்றன. அப்படிப்பட்டவருக்குச் சத்தியம் பாடாய்ப் படுத்தியது. சாப்பாட்டுத் தட்டில் உருளைக்கிழங்கு மசியலை மேடாகக் குவித்து, பட்டாணிகளை மூன்று பிரிவாக மேலே ஏற்றிக்கொண்டிருப்பார். தெல்மா கரண்டியால் மேட்டைத் தட்டி நிரவிவிட்டுப் போவாள். போர் முடிந்துவிடும்.

இந்த நிலைமையில்தான் பக்கத்து வீட்டு ரெக்ஸ் ஒருநாள் வேலிக்கு மேல் தலையை நீட்டினார். ரெக்ஸ் பீச் பழத் தோட்டக்காரர். நெவிலுக்கு நாற்பது வருஷத்து நண்பர்.

"மாப்ள, பேப்பர் பாத்தியா?"

"பாக்கல. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"பேப்பரயுமா பாக்கக் கூடாது?"

"பீரங்கி வர்ற பக்கத்தப் பாக்கக் கூடாது."

"அப்போ நான் எதுவும் சொல்லல. கான்பெரா போர் நினைவகத்துல ஒரு பழைய டாங்கிய மூணு வருஷமாப் பழுதுபாத்து, திரும்ப உள்ள கொண்டுவந்து நிறுத்திட்டாங்களாம். எஞ்சின்கூட ஓடுதாம். ஆனா நான் எதுவும் சொல்லல."

நெவில் வேலியைப் பிடித்துக்கொண்டார்.

"அவ விடமாட்டா, ரெக்ஸ்."

"கான்பெராவுல டாங்கி மட்டுந்தானா இருக்கு? இப்ப வசந்த காலம். பூக் கண்காட்சி நடக்குது. ஏரிக்கரை முழுக்கப் பத்து லட்சம் பூவாம். தெல்மாவுக்குப் பூன்னா பிடிக்கும்ல?"

ரெக்ஸுக்கு மூளை இருக்கிறது என்று நெவில் நம்பிய ஒரே நாள் அது.

தெல்மா ரோஜாச் செடிக்கு உரம் வைத்துக்கொண்டிருந்தபோது அவர் பேச்சைத் தொடங்கினார். அவள் நிமிரவில்லை.

"கான்பெரா பூக் கண்காட்சி இந்த வருஷம் ரொம்ப நல்லா இருக்காம், தெல்மா."

"பூவா?"

"பூதான்."

"பாக்கப் போறது நீயா?"

"நாம ரெண்டு பேரும்."

"உனக்கு டூலிப்புக்கும் டர்னிப்புக்கும் வித்தியாசம் தெரியாதே."

"கத்துக்கறேன்."

"தோட்டம் பாக்கலாம்னு கூட்டிட்டுப் போய்த் தோட்டாவக் காட்டமாட்டியே?"

"சேச்சே. சத்தியம் பண்ணியிருக்கேன்ல."

"சரி, போகலாம். வர்ற இருபதாந் தேதி, வியாழக்கிழமை அங்க இருக்கற மாதிரி ரூம் போடு."

"ஏன் வியாழக்கிழமை?"

"அன்னிக்குக் கூட்டம் குறைவு."

நெவிலுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து தெல்மா எதற்கும் உடனே சரி என்று சொன்னது கிடையாது. கல்யாணத்துக்கே அவர் மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது. ஆனால் வெற்றி கண்ணை மறைத்தது. பட்டாணிகள் அன்று இரவு மேட்டைப் பிடித்துவிட்டன.

புதன்கிழமை காலையில் கிளம்பினார்கள். தெல்மா காரின் பின் கதவுக் கொக்கியில் நீளமான துணியுறை ஒன்றை மாட்டினாள்.

"அது என்ன?"

"கோட்டு."

"பூ பாக்கறதுக்குக் கோட்டா?"

"ஏரிக்காத்து."

வழியில் ஹோல்புரூக் என்று ஒரு ஊர். கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, ஆடு மேயும் பூமி. அந்த ஊர் நடுவில் புல்தரையில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. புது நெடுஞ்சாலை ஊருக்குள் போவதில்லை. நெவிலின் கார் போயிற்று.

"எதுக்கு மெயின் ரோட்ட விட்டு இறங்கற?"

"இங்க பாத்ரூம் சுத்தமா இருக்கும்."

"பாத்ரூம் அந்தப் பக்கம். நீ இந்தப் பக்கம் நிறுத்தியிருக்க."

"இங்கதான் நிழல் இருக்கு."

"அது நிழல் இல்ல நெவில். நீர்மூழ்கிக் கப்பல்."

"அட, ஆமா."

"அஞ்சாவது தடவ பாக்கற. 'அட ஆமா'வாம்."

"பீரங்கி, டாங்கி, இரும்புத் தொப்பின்னுதான் சத்தியம். கப்பல் அதுல வராது."

தெல்மா பத்து நிமிஷம் கொடுத்தாள். அதோடு நில்லாமல் பேக்கரிக்குப் போய் அவருக்குச் கறி அடைத்துச் சுட்ட மீட் பை ஒன்றைச் சுடச்சுட வாங்கி வந்து, அவர் கப்பலைச் சுற்றி நடந்து முடிக்கும் வரை காரில் காத்திருந்தாள். அவள் கோபப்படாதது அவருக்குச் சந்தேகத்தை உண்டாக்கியிருக்க வேண்டும். உண்டாக்கவில்லை. மீட் பை நன்றாக இருந்தது.

வியாழக்கிழமை கண்காட்சிக்குப் போனார்கள். தெல்மா ஒரு பாத்தி விடாமல் பார்த்தாள். நெவிலும் பார்த்தார். மஞ்சள் பூ, சிவப்புப் பூ, மறுபடி மஞ்சள் பூ. டூலிப்புகள் அணிவகுப்பு மாதிரி வரிசை பிசகாமல் நின்றது ஒன்றுதான் அவருக்கு ஆறுதலாக இருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் திட்டத்தைத் தொடங்கினார்.

"முட்டி வலிக்குது தெல்மா."

"எந்த முட்டி?"

"இடது."

"இப்ப வலது காலயில்ல இழுத்துட்டு நடந்த."

"மாறி மாறி வருது."

"பாவம். இந்த பெஞ்சுல உக்காரு. நான் ஏரி வரைக்கும் போய்ப் பாத்துட்டு சாயங்காலமா வர்றேன். இங்கயே இருப்ப இல்ல?"

"இந்த முட்டிய வச்சிக்கிட்டு எங்க போகப் போறேன்?"

தெல்மா அவர் ஸ்வெட்டரில் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்கைத் தட்டிவிட்டாள். கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு போனாள். நெவில் இருநூறு வரை எண்ணினார். இருநூற்று ஒன்றில் இரண்டு முட்டிக்கும் இருபது வயது ஆகிவிட்டது. டாக்ஸி நிற்கும் இடத்துக்கு ஓடினார்.

போர் நினைவகத்தில் டாங்கி இருந்தது. அதைப் பார்த்த நேரத்தில் நெவில் எழுபத்தொரு வயதுக் கிழவர் இல்லை. சுற்றி வந்தார். குனிந்தார். சங்கிலிச் சக்கரத்தின் பற்களை எண்ணினார். பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதினார். ஒன்றரை மணி நேரம் போனது தெரியவில்லை.

அங்கே அவர் வருவது இது பன்னிரண்டாவது முறை. ஒவ்வொரு முறையும் இரண்டு இடங்களை அவர் தவிர்த்துவிடுவார். ஒன்று, வியட்நாம் போர் பற்றிய பகுதி. அந்தப் பக்கம் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் அவருக்கு பாத்ரூம் போக வேண்டியிருக்கும். இன்னொன்று மாடியில், முற்றத்தின் இருபுறமும் ஓடும் நீண்ட நடை. அதன் சுவர் முழுவதும் வெண்கலப் பலகைகள். இந்த நாட்டுக்காகப் போரில் செத்துப்போன லட்சம் பேருடைய பெயர்கள். பெயருக்குப் பக்கத்திலுள்ள இடுக்கில் குடும்பத்தார் காகிதத்தில் செய்த சிவப்புப் பூவைச் செருகி வைப்பார்கள். அந்த நடையில் ஒரு பலகையில் 'பாஸ்கோம் சி. ஆர்.' என்று இருக்கிறது என்பது நெவிலுக்குத் தெரியும். பார்த்ததில்லை.

கோலின் அவருடைய தம்பி. இரண்டு வயது இளையவன். அந்தக் காலத்தில் இருபது வயதாகும் பையன்களைப் பட்டாளத்துக்கு எடுக்க அரசாங்கம் குலுக்கல் நடத்தியது. பிறந்த தேதிக்கு ஒரு கோலி என்று பீப்பாயில் போட்டு உருட்டுவார்கள். நெவிலின் தேதி வரவில்லை. இரண்டு வருஷம் கழித்துத் தம்பியின் தேதி வந்தது. கோலியில் போனான் கோலின் என்று ஊர்ப் பையன்கள் சிரித்தார்கள். கோலினும் சேர்ந்து சிரித்தான். அவன் எதற்கும் சிரிப்பான்.

வியட்நாம் போகுமுன் ஒரு வாரம் லீவில் வந்திருந்தான். நெவில் அப்போதுதான் ஒரு பிக்கப் வண்டி வாங்கியிருந்தார். புதுசு. வந்து மூன்று வாரம். கோலின் சொல்லாமல் அதை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் நடனத்துக்குப் போனான். திரும்பி வரும்போது யூகலிப்டஸ் மரத்தில் இடித்தான். பம்பரும் ஒரு விளக்கும் போயின. அதற்குப் பிறகு அந்த வாரம் முழுவதும் நெவில் அவனோடு பேசவில்லை. கோலின் ரயிலேறும் அன்று அவர் வண்டிக்கு அடியில் படுத்து பம்பரை நிமிர்த்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பட்டாளத்து பூட்ஸ் வந்து நின்றது தெரிந்தது. "போய்ட்டு வர்றேண்ணே" என்றது குரல். நெவில் ஸ்பேனரால் இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினார். பூட்ஸ் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போயிற்று.

வியட்நாமிலிருந்து நான்கு கடிதம் வந்தது. நெவில் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. பையனைக் கொஞ்ச நாள் தவிக்கவிட்டு, கோபம் தீர்ந்த பிறகு எழுதலாம் என்று வைத்திருந்தார். பிப்ரவரியில் ஒரு ரப்பர் தோட்டத்து ஓரத்தில் கண்ணிவெடி. கோபம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது.

இதை அவர் தெல்மாவிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார், கல்யாணமான இரண்டாம் வருஷம். அதற்குப் பிறகு பேச்சில்லை. தெல்மா பள்ளிக்கூடத்தில் கோலினோடு ஒரே வகுப்பில் படித்தவள். இங்கே வரும்போதெல்லாம் மாடிக்குத் தனியாகப் போய்ப் பூவைச் செருகிவிட்டு வருவாள். நெவில் கீழே ஏதாவது துப்பாக்கியின் நீளத்தை எழுதிக்கொண்டிருப்பார்.

நாலேகாலுக்கு போன் அடித்தது.

"எங்க இருக்க நெவில்?"

"பெஞ்சுலதான்."

"முட்டி எப்படி இருக்கு?"

"வீங்கிப்போச்சு."

"பக்கத்துல என்ன பூ இருக்கு?"

நெவில் சுற்றுமுற்றும் பார்த்தார். "பச்சையா... ஒண்ணு. பெருசா இருக்கு."

"எத்தன டன் இருக்கும்?"

குரல் போனில் ஒரு முறையும் முதுகுக்குப் பின்னால் ஒரு முறையும் கேட்டது. திரும்பினார். தெல்மா கையில் துணியுறையோடு நின்றிருந்தாள். ஜிப்பை இறக்கினாள். உள்ளே இருந்தது அவருடைய கறுப்புக் கோட்டு.

"ரெக்ஸ் சொல்லிட்டானா?" என்றார் நெவில்.

"ரெக்ஸுக்குச் சொன்னதே நான்தான். பேப்பரப் படிச்சு உங்கிட்ட வந்து ஒப்பிக்கச் சொன்னேன்."

"பூக் கண்காட்சி?"

"அதுவும் நான்தான்."

"முட்டி?"

"முட்டி உன் சொந்தச் சரக்கு. படு மோசம். கையத் தூக்கு, கோட்டப் போடணும்."

"எதுக்கு?"

தெல்மா அவர் கையைக் கோட்டுக்குள் நுழைத்து, தோளைச் சரிசெய்தாள்.

"தினமும் மூடறதுக்கு முன்னாடி மேல முற்றத்துல ஒருத்தரோட கதையப் படிப்பாங்க. போர்ல செத்துப்போன யாராவது ஒருத்தர். தெரியும்ல?"

"தெரியும்."

"இன்னிக்குக் கோலின்."

டாங்கியைச் சுற்றி ஒரு பள்ளிக்கூடத்துக் கூட்டம் சத்தம் போட்டுக்கொண்டு போயிற்று. நெவில் அது போகும் வரை காத்திருந்தார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"பதினோரு தடவ வான்னு சொல்லியிருக்கேன். பதினோரு தடவையும் உனக்கு பாத்ரூம் வந்துச்சு."

"இப்பவும் வருது."

"போய்ட்டு வா. நான் வாசல்ல நிக்கறேன்."

நின்றாள். அந்த பாத்ரூமுக்கு வேறு வழி இல்லை என்பதை அவள் முன்பே பார்த்து வைத்திருந்தாள்.

முற்றத்தின் நடுவில் நீளமான குளம். அதன் ஓரத்தில் ஒரு தாங்கியில் கோலினின் படம் வைத்திருந்தார்கள். பட்டாளத் தொப்பிக்கு இருபுறமும் காதுகள் துருத்திக்கொண்டிருந்தன. இருபத்தொரு வயது. இவன் இவ்வளவு சின்னப் பையனாக இருந்தானா என்று நெவிலுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் மனதில் அவனுக்கும் கூடவே வயதாகிக்கொண்டு வந்திருந்தது. தன்னைப்போலவே வழுக்கையும் கண்ணாடியுமாகத்தான் அவனை நினைத்து வைத்திருந்தார்.

இளம் வயது ராணுவ வீராங்கனை ஒருத்தி வந்து நின்று காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். கோலின் பிறந்த தேதி. வளர்ந்த மாட்டுப் பண்ணை. இடது கையால் கிரிக்கெட் ஆடுவான். வகுப்பில் சிரித்ததற்காக வெளியே நிறுத்தப்படுவான். இதெல்லாம் தெல்மா கொடுத்தது. எட்டு மாதம் போனிலும் கடிதத்திலும் அலைந்து ஒவ்வொன்றாகச் சேர்த்திருந்தாள். அடுத்த வரியில் பிக்கப் வரும், பம்பர் வரும் என்று நெவில் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரவில்லை. "அவருக்குத் தாயும் தந்தையும் ஒரு அண்ணனும் இருந்தார்கள்" என்று படித்தாள். அவ்வளவுதான். அந்த அண்ணனைப் பற்றி வேறு ஒன்றும் இல்லை.

ஊதுகொம்பு ஊதினார்கள். பிறகு மலர் வளையம் வைக்கக் குடும்பத்தாரை அழைத்தார்கள்.

"என்னால முடியாது," என்றார் நெவில்.

"கனமே இல்ல. ரெண்டு பேருமா தூக்கலாம்."

அந்த நேரத்தில் நெவிலுக்கு உண்மையாகவே இரண்டு முட்டியும் மடங்க மறுத்தன. எந்த முட்டி என்று தெல்மா கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு போனார்கள். படத்துக்கு முன்னால் வளையத்தை வைத்துவிட்டு நெவில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நாற்பத்தேழு வருஷமாகச் சொல்ல வைத்திருந்தது நிறைய இருந்தது. "காது," என்றார். "காதப் பாரு தெல்மா." அதற்கு மேல் வரவில்லை.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது, மார்பில் பதக்கங்களும் கையில் தடியுமாக ஒரு கிழவர் மெதுவாக அவர்களை நோக்கி வந்தார். டெஸ் என்று தெல்மா சொன்னாள். கோலினோடு ஒரே கூடாரத்தில் இருந்தவர். குவீன்ஸ்லாந்திலிருந்து இதற்காகவே வந்திருக்கிறார்.

"நீதான் நெவிலா?" என்றார் டெஸ். "பிக்கப் நெவில்?"

நெவில் தலையை ஆட்டினார்.

"அந்த பம்பர்க் கதைய எத்தன தடவ கேட்டிருப்போம் தெரியுமா? நான் ஒழுங்காத்தான் ஓட்டுனேன், மரம்தான் குறுக்க ஓடி வந்துச்சுன்னு சொல்வான். கூடாரமே சிரிக்கும். ஒவ்வொரு தடவ சொல்றப்பவும் அந்த மரம் இன்னும் கொஞ்சம் வேகமா ஓடி வரும்."

"எம்மேல கோபமா இருந்தானா?"

"கோபமா? எதுக்கு?"

"நான் பேசாம இருந்ததுக்கு. லெட்டர் போடாததுக்கு. ஒண்ணுகூடப் போடல."

டெஸ் தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"தபால் வர்ற அன்னிக்கு நாங்க அவனக் கேலி பண்றது உண்டு. எங்கடா உங்க அண்ணன் லெட்டர்னு. எங்கண்ணன் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லடா, அவனுக்கு எழுதப் படிக்க வராதும்பான். அதுக்கப்புறம் நாங்க கேக்கறதில்ல. பாவம்னு விட்டுட்டோம்." டெஸ் அவர் தோளில் கை வைத்தார். "அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, மாப்ள. அந்தக் காலத்துல எத்தனையோ பேருக்கு வராது."

நெவிலின் கோட்டுப் பையில் நோட்டின் முனை வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அவர் அதை மெதுவாக உள்ளே தள்ளினார்.

"ஆமா," என்றார். "எனக்கு எழுதப் படிக்க வராது."

தெல்மா குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நினைவகத்துப் பெண் ஒருத்தி பெரிய புத்தகம் ஒன்றை விரித்துக் கொண்டுவந்தாள். குடும்பத்தார் அதில் பெயரும் ஒரு வரியும் எழுத வேண்டுமாம். பேனாவை நெவிலிடம் நீட்டினாள். நெவில் அதை வாங்கினார். டெஸ் பார்த்துக்கொண்டிருந்தார். பால் தொழிற்சாலையிலேயே அழகான கையெழுத்துக்குப் பேர் வாங்கியவர் நெவில். பேனாவை இரண்டு விரலுக்கு நடுவில் சும்மா உருட்டிவிட்டுத் தெல்மாவிடம் கொடுத்தார்.

"நீயே போடு தெல்மா."

தெல்மா எழுதினாள். என்ன எழுதினாள் என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்தால் படிக்கத் தெரிந்தவர் ஆகிவிடுவார்.

அதற்குப் பிறகு அவர்கள் மாடி நடையில் அந்தப் பலகையைத் தேடிப் போனார்கள். தேட வேண்டியிருக்கவில்லை. தெல்மாவுக்கு அந்த இடம் பழக்கம். நெவில் பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு, காவலர் வந்து மூடும் நேரம் ஆகிவிட்டது என்று இரண்டு முறை சொல்லும் வரை நின்றார்.

மறுநாள் காலை அவர்தான் கண்காட்சிக்கு மறுபடி போகலாம் என்றார். இந்த முறை உண்மையாகவே பூ பார்த்தார். ஒரு பாத்தி முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். நெவிலுக்கு இரவு முழுக்கத் தூக்கமில்லை. கண் வீங்கியிருந்தது. ஆனால் மனதில் ஒரு முடிவு பிறந்திருந்தது. பெரிய முடிவு. அதைச் சொல்லத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"தெல்மா, போதும். இனிமே எந்தப் போர்க்களமும் வேண்டாம், எந்த மியூசியமும் வேண்டாம். இது கத்திக்குப் பயந்து பண்ற சத்தியம் இல்ல. நானா பண்றேன்."

அவள் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள்.

"அந்தச் சத்தியத்த இப்பப் பண்ணாத. மார்ச்சுக்கு அப்புறம் பண்ணு."

"மார்ச்சுல என்ன?"

"வியட்நாம் போறோம். டெஸ்ஸும் வர்றாரு. அந்த ரப்பர் தோட்டம் இப்பவும் இருக்காம். பாதை அவருக்குத் தெரியுமாம்."

நெவில் டூலிப்புகளைப் பார்த்தார். காற்று வந்து அவை ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன.

"நான் வரலேன்னு சொன்னா?"

"சொல்லிப் பாரு."

சொல்லிப் பார்க்க வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கடைசியில், தோற்றவன் தன் பக்கமும் ஏதாவது ஒன்று மிச்சம் இருக்கட்டும் என்று பிடித்துக்கொள்கிற மாதிரி, "விசாவுக்கு நான் ஃபாரம் எழுதிக் கையெழுத்துப் போடணும், தெரியும்ல?" என்றார்.

"எல்லாம் நானே எழுதிட்டேன்," என்றாள் தெல்மா. "கையெழுத்தும் நானே போட்டுட்டேன். உனக்குத்தான் எழுதப் படிக்க வராதே."